வியாழக்கிழமைப் பிரெஞ்சு

சைகோன்
11 ஜனவரி 1948

ராஹிலாவுக்கு ஜக்கரிய்யா ஸலாம் சொல்லி எழுதுவது.

வழக்கமாகத் தமிழில் எழுதுவேன், உன் கூடப்பிறந்த காக்கா வாசித்துவிட்டு உன்னிடம் கொடுப்பார். இந்த முறை அறபு எழுத்தில், அறபுத் தமிழில் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படிக்க வேண்டும்.

யுத்தம் வந்து தபால் நின்றுபோன காலத்தில், 1942-ல், இங்கே நான் ஒரு நிக்காஹ் செய்துகொண்டேன். இந்த நாட்டுப் பெண். கடை மூடிக் கிடந்தது, நான் காய்ச்சலில் கிடந்தேன், பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்தவள். இதற்கு மேல் சொன்னால் சாக்குச் சொல்வதாகும். 1946-ல் அவள் மௌத்தாகிவிட்டாள்.

ஒரு பெண்பிள்ளை இருக்கிறது. இந்த மாதம் ஐந்து வயது முடிகிறது. ஸஃபிய்யா என்று பெயர் வைத்தேன். தாய் போன பிறகு கடையில் வைத்துப் பார்க்க முடியாமல் இங்குள்ள பிரெஞ்சுக் கன்னியர் மடத்தில் விட்டிருக்கிறேன். அவர்கள் ஸொஃபி என்று கூப்பிடுகிறார்கள்.

தபால் திரும்பவும் ஓடத் தொடங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒவ்வொரு கடிதத்திலும் இதை எழுத நினைத்து, மழையைப் பற்றியும் துணி விலையைப் பற்றியும் எழுதி முடித்தேன். இப்போது எழுதக் காரணம், சைகோனில் குண்டு வெடிப்பதால் மடத்துப் பிள்ளைகளை ஜூலையில் மலைநாட்டுக்கு மாற்றப் போகிறார்களாம். அந்த ரோட்டில் வண்டிகளை மறித்துச் சுடுகிறார்கள். பிள்ளையை ஊருக்கு அனுப்பினால் ஏற்றுக்கொள்வாயா என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

ஜக்கரிய்யா


காயல்பட்டினம்
9 பிப்ரவரி 1948

கடிதம் கிடைத்தது.

1941 டிசம்பரில் உங்கள் கடைசிக் கடிதம் வந்தது. அதன்பின் நாலரை வருஷம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. சைகோனில் ஜப்பான்காரன் இந்தியர்களையெல்லாம் கொன்றுவிட்டான் என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். காக்கா இரண்டு முறை என்னிடம் வந்து, "ஏளா, காஜியாரிடம் சொல்லி இந்த நிக்காஹை முறிச்சிரலாம், உனக்கு வயசு கெடக்குது" என்றார். நான் வெள்ளிக்கிழமைதோறும் யாசீன் ஓதினேன். ஓதும்போது உங்களை உயிரோடிருப்பவராக நினைத்து ஓதுவதா, இல்லாதவராக நினைத்து ஓதுவதா என்று தெரியாமல் ஓதினேன்.

அந்த முதல் வருஷத்திலேயே உங்களுக்குக் கலியாணம் முடிந்துவிட்டது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ராஹிலா


காயல்பட்டினம்
4 மார்ச் 1948

மச்சானுக்கு.

போன கடிதத்தில் எழுதியது எழுதியதுதான். அதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. இது வேறு விஷயம்.

போன வாரம் இங்கே தர்காவில் கந்தூரி. வெளியூர்க் கூட்டம். சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் நாலு வயசுப் பிள்ளை ஒன்று தாயைத் தவறவிட்டு எங்கள் தெருவில் நின்று அலறியது. நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளை என்று பிறகு தெரிந்தது. பெண்களெல்லாம் கூடிவிட்டோம். அது ஏதோ ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறது. முத்து பீவி மாமி இனிப்புத் தொதல் கொண்டுவந்தாள், வீசிவிட்டது. தண்ணீர் கொடுத்தோம், தட்டிவிட்டது. "வவுறு வலிக்குதோ என்னமோ" என்று ஒருத்தி ஓமத்தைக் கசக்கினாள். நான் தூக்கி மடியில் வைத்தேன். அப்படியே என் புடவையெல்லாம் நனைந்தது. அவ்வளவு நேரமும் அதைத்தான் கேட்டிருக்கிறது.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து புடவையை அலசும்போது அழுகை வந்தது. இத்தனை பெண்கள் சுற்றி நின்றும் ஒரு பிள்ளைக்கு ஒன்றுக்குப் போக வழி கிடைக்கவில்லை.

உங்கள் பிள்ளை என்ன பாஷை பேசுகிறது? தமிழ் தெரியுமா? நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றால், நம் பாஷையை அது கற்றுக்கொள்ள நாலைந்து மாசமாகும். அதற்குள் பசிக்கும், தாகமெடுக்கும், காய்ச்சல் வரும். நான் அதன் பாஷையைக் கொஞ்சமாவது கற்றுவைத்தால் நல்லது.

நமக்குப் பிள்ளை இல்லை என்பதால் மனசு இளகிவிட்டதாக நினைக்க வேண்டாம். பிள்ளையின் மேல் எனக்குக் கோபமில்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்த வார்த்தையை எழுதி அனுப்புங்கள்.

ராஹிலா


சைகோன்
2 ஏப்ரல் 1948

ராஹிலா,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. முதல் கடிதத்தை முதலில் படித்தேன். அன்று கடை திறக்கவில்லை. மறுநாள்தான் இரண்டாவதைப் பிரிக்கத் தைரியம் வந்தது.

பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. மடத்தில் பிரெஞ்சு தவிர வேறு பேசவிடமாட்டார்கள். தாயுடைய பாஷைகூடப் பாதி மறந்துவிட்டது.

நீ கேட்ட வார்த்தை எனக்கும் தெரியவில்லை. பத்து வருஷமாகப் பிரெஞ்சு பேசுகிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து யோசித்தால், "என்ன நிறம் வேண்டும்", "எத்தனை மீட்டர்", "சாயம் போகாது அம்மா", "நாளைக்கு வாருங்கள்". அவ்வளவுதான் என் பிரெஞ்சு. என் பிள்ளைக்குப் பசிக்கிறதா என்று கேட்கக் கூட இதுவரை வாய் வரவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை போய், பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, தலையைத் தடவிவிட்டு வருவேன்.

வியாழக்கிழமை இங்கே பள்ளிக்கூட விடுமுறை. அன்று நோட்டும் பென்சிலுமாகப் போனேன். வயதான கன்னியர் ஒருவர் கூட இருந்தார். பிள்ளையிடம், "அவே வூ ஃபேங்?" என்று கேட்டேன். பசிக்கிறதா என்று அர்த்தம். அந்தக் கன்னியருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மிஸியே, கடைக்கு வருகிற துரைசானியை 'தாங்கள்' என்று கூப்பிடுவதுபோல் மகளைக் கூப்பிடுகிறீர்களே" என்றார். பிள்ளைகளிடம் "து" என்று சொல்ல வேண்டுமாம், நாம் "நீ" என்பதுபோல். ஆகவே நீ, "து ஆ ஃபேங்?" என்று கேட்க வேண்டும்.

மற்றதையெல்லாம் ஸஃபிய்யாவிடமே கேட்டேன். நான் நடித்துக் காட்ட, அவள் வார்த்தை சொன்னாள். நீ கேட்டதை எப்படி நடித்துக் காட்டினேன் என்று எழுதமாட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பிப்பி - ஒன்றுக்கு.
ஜே ஃபேங் - எனக்குப் பசிக்கிறது.
ஜே ஸ்வாஃப் - தாகமாக இருக்கிறது.
வியேங் - வா.
தொதோ - தூக்கம்.
போபோ - அடிபட்ட இடம், வலி.
ந ப்ளேர் பா - அழாதே.

இந்த "ர" நம் "ர" இல்லை. தொண்டையிலிருந்து வருவது. எனக்கே சரியாக வராது. "ஃபேங்" என்பதிலும் கடைசி எழுத்தைச் சொல்லக் கூடாது, மூக்கில் விட்டுவிட வேண்டும். காகிதத்தில் எப்படிச் சொல்லித் தருவது என்று தெரியவில்லை.

ஜக்கரிய்யா


காயல்பட்டினம்
6 மே 1948

மச்சானுக்கு ஸலாம்.

உங்களுக்கு வராத "ர" எனக்கு வந்துவிட்டது. அது வேறொன்றுமில்லை, நம் அறபு "கைன்" எழுத்து. தொண்டைக் குழியிலிருந்து எடுத்தால் சரியாக இருக்கிறது. மூக்கில் விடுவது என்கிறீர்களே, அது குர்ஆன் ஓதும்போது வரும் குன்னா. தைக்காவில் ஆறு வயசில் பிரம்பை வைத்துக்கொண்டு எங்களுக்குச் சொல்லித்தந்ததுதான். வார்த்தைகளை அறபு எழுத்தில் எழுதிக்கொண்டேன். "ஃப"வும் "ஜ"வும் பிசகாமல் உட்காருகின்றன. நீங்கள் ஓதும்போது உஸ்தாதுக்குக் கண்மறைவாய்க் கடற்கரைக்கு ஓடியதால் வந்த வினை இது.

அடுப்பங்கரையில் சொல்லிப் பார்க்கிறேன். ஆட்டுக்குட்டியிடம் "வியேங்" என்றேன், வந்தது. ஆனால் கையில் முருங்கைக் கீரையும் இருந்தது.

இனி கேட்க வேண்டியவை: தலை சீவ வா. பேன் இருக்கிறதா. சுடும், தொடாதே. தொண்டை வலிக்கிறதா. பயப்படாதே. வாப்பா இங்கே இல்லை, பிறகு வருவார். இது உன் வீடு.

கடைசியில் எழுதிய அந்த "உன் வீடு" என்பதன்மேல்தான் காக்காவுடன் சண்டை வந்தது. விஷயம் எப்படியோ தெரிந்து, காக்கா நேற்று மதியம் வந்தார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"ஏளா, பறங்கிப் பாஷைய அடுப்பங்கரையில ஓதிக்கிட்டிருக்கியாம்ல? ஊரே சொல்லுது."

"ஆமா காக்கா. பிள்ள வருதுல்லா."

"எந்தப் பிள்ள? கன்னியாஸ்திரி மடத்துல கெடந்த பிள்ளைய இங்கன கொண்டாந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? உன்னய நாலு வருசம் காக்க வச்சுட்டு அவன் அங்கன குடும்பம் நடத்தியிருக்கான். உனக்கு ரோசம் இல்லையா?"

"இருக்கு காக்கா. அவரு வந்தா அவருகிட்ட காட்டுதேன். அஞ்சு வயசுப் பிள்ளகிட்ட எதுக்குக் காட்டணும்?"

"நான் சம்மதிக்க மாட்டேன்."

அப்போது நான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். "இது உம்மா எனக்குக் கொடுத்த வீடு, காக்கா" என்றேன். அவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். அவர் எனக்குத் தகப்பனுக்குச் சமம். இரவெல்லாம் அதே நினைப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை.

பிள்ளையுடன் நீங்களும் வரலாமே. இதை நான் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

ராஹிலா


சைகோன்
17 ஜூன் 1948
விமானத் தபால்

ராஹிலா,

நீ கேட்டவை எல்லாம் தனிக் காகிதத்தில் இருக்கின்றன. முப்பத்திரண்டு வார்த்தை. "பேன்" என்பதற்கு ஸஃபிய்யா என் தலையைக் குனியச் சொல்லி, தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று உதட்டைப் பிதுக்கினாள்.

இப்போது வியாழக்கிழமை ஒன்றையும் விடுவதில்லை. மடத்து வாசல் கதவு திறந்ததும் அவள் ஓடி வருகிறாள். போன வாரம் மழையில் அரை மணி நேரம் பிந்திவிட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். உனக்காக வார்த்தை சேகரிக்கப் போனேன். இரண்டு வருஷம் கண்ணெதிரே இருந்த பிள்ளையை இந்த மூன்று மாசத்தில்தான் எனக்குத் தெரிகிறது.

ஆகவே இதை எழுதக் கை கூசுகிறது. அவளை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

தூத்துக்குடிக்காரி பிளாரன்ஸ் அம்மாள் என்று ஒருவர், பிரெஞ்சு டாக்டர் வீட்டில் ஆயாவாக இருந்தவர், ஜூலை 6-ம் தேதிக் கப்பலில் ஊர் திரும்புகிறார். கொழும்பு வழியாகத் தூத்துக்குடி வரை பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்கிறார். நல்ல மனுஷி. நான் வர முடியாது. காரைக்காலில் இருக்கும் முதலாளி மாற்று ஆள் அனுப்பும் வரை கடையை விட்டு நகரக் கூடாது என்று எழுதியிருக்கிறார். செப்டம்பர் என்கிறார், நம்ப முடியாது.

என்னோடு கடை மாடியிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று ஓடுகிறது புத்தி. போன செவ்வாய்க்கிழமை எங்கள் தெரு முனையில் காப்பிக்கடையில் குண்டு போட்டார்கள். அதையும் எழுதிவிடுகிறேன், மறைப்பது போதும்.

நீ சொல்கிறபடி செய்கிறேன்.

ஜக்கரிய்யா


தந்தி
காயல்பட்டினம், 30 ஜூன் 1948

பிள்ளையை பிளாரன்ஸுடன் அனுப்பவும். தூத்துக்குடியில் நான் நிற்பேன். ராஹிலா


காயல்பட்டினம்
28 ஜூலை 1948

மச்சானுக்கு ஸலாம்.

ஸஃபிய்யா வந்து சேர்ந்தாள். சுகம். கப்பலில் கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். இதை முதலில் எழுதிவிட்டால் மற்றதை நீங்கள் நிதானமாகப் படிக்கலாம்.

21-ம் தேதி விடியற்காலையில் தூத்துக்குடிக்குப் புறப்பட்டேன். முத்து பீவி மாமி துணைக்கு வருவதாக ஏற்பாடு. தெரு முனைக்கு வந்தால் காக்கா குடையோடு நிற்கிறார். "பொம்பளைங்க ரெண்டு பேரும் ஹார்பர்ல போய் எங்கன நிப்பீங்க? நட" என்றார். பஸ்ஸில் மூன்று டிக்கெட்டும் அவரே எடுத்தார்.

கப்பல் தூரக் கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றது. லாஞ்சில் ஆட்களை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சோளகக் காற்று பலமாக அடித்தது. ஒவ்வொரு அலைக்கும் லாஞ்ச் மறைந்து மறைந்து தெரிந்தது. நான் முக்காட்டுக்குள் முப்பத்திரண்டு வார்த்தையையும் ஓதிக்கொண்டே நின்றேன்.

பிளாரன்ஸ் அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நீலக் கவுன். அதில் வாந்தி எடுத்திருந்தாள். நான் குனிந்து, "போன்ஜூர், ஸஃபிய்யா. து ஆ ஃபேங்?" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், காக்காவின் குடைக்குப் பின்னால் எல்லாம் பார்த்துவிட்டு என்னிடமே கேட்டாள்:

"ஊ ஏ மமாங்?"

மச்சான், அந்தப் பாஷையில் ஒரு முழுப் பேச்சை நோட்டைப் பார்க்காமல் நான் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை. உம்மா எங்கே என்று கேட்கிறாள்.

பிளாரன்ஸ் அம்மாள் முகம் செத்துப்போயிற்று. "தப்பு என் மேலதான், அம்மா" என்றார். "கப்பல்ல ஒரே அழுகை. அங்கன உங்க அம்மா நிப்பாங்கன்னு உங்கள நெனச்சுத்தான் சொன்னேன். அவ பெத்தவளே நிப்பான்னு எடுத்துக்கிட்டா."

மௌத்து என்பதற்கு நீங்கள் வார்த்தை தரவில்லை, நானும் கேட்கவில்லை. நான்தான் மமாங் என்று சொல்லியிருக்கலாம். பிளாரன்ஸ் அம்மாளும் "சொல்லிருங்க, சின்னப் பிள்ளதானே" என்று கண்ணைக் காட்டினார். வாய் வரவில்லை. பொய்யோடு அந்தப் பிள்ளையை வீட்டுக்குள் கூட்டிப்போக எனக்கு இஷ்டமில்லை. "வாப்பா இங்கே இல்லை" என்பதற்கு நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதையே உம்மாவுக்கு மாற்றிச் சொன்னேன். "மமாங் நே பா லா."

பிளாரன்ஸ் அம்மாளின் கையை விட்டாள். பிறகு அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. "ந ப்ளேர்" என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். ஏன் அழக் கூடாது? அழ வேண்டியதற்குத்தானே அழுகிறாள். அங்கேயே சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து மடியில் எடுத்துக்கொண்டேன். என்னை உதைத்தாள். பிறகு உதைக்கவில்லை. கூலிக்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். காக்கா எங்கள் மேல் வெயில் படாமல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மத்தியான பஸ்ஸை விட்டுவிட்டோம்.

அடுத்த பஸ்ஸில் தூங்கிவிட்டாள். ஆத்தூரில் பஸ் நின்றதும் விழித்தாள். வெற்றிலைக் கூடைக்காரிகள் ஜன்னலுக்கு ஜன்னல் வந்தார்கள். அதைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். "த்ரௌ!" என்றாள். "த்ரௌ, த்ரௌ!" உங்கள் காகிதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. பிரெஞ்சு மாதிரியும் தெரியவில்லை.

காக்கா ஒரு கவுளி வெற்றிலை வாங்கி அவள் மடியில் போட்டார். ஒரு இலையை எடுத்து, கவுனில் துடைத்து, காம்பைக் கிள்ளி, ஏதோ ஒரு விதமாய் மடித்தாள். நாம் மடிக்கிற மாதிரி இல்லை. யாரோ அவள் முன்னால் தினமும் மடித்துப் போட்டிருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரிந்தது. மடித்ததை என் வாய்க்கு நேரே நீட்டினாள். சுண்ணாம்பும் இல்லை, பாக்கும் இல்லை. வாங்கி மென்றேன். அடுத்ததைக் காக்காவுக்கு நீட்டினாள். அவர் வெற்றிலை போட்டு நான் பார்த்ததே இல்லை. போட்டுக்கொண்டார்.

"வெத்தில" என்றார் அவளிடம்.

"வெத்தில" என்றாள்.

இது நடந்து ஒரு வாரமாகிறது. பசிக்கிறது, தண்ணீர் எல்லாம் தமிழிலேயே கேட்கிறாள். என் பிரெஞ்சைத் திருத்துகிறாள். காக்கா தினமும் அஸருக்குப் பிறகு வந்து, "எங்க அந்த சைகோன்காரி?" என்று கேட்கிறார்.

மச்சான், ஒரு விஷயம். இத்தனை கடிதத்தில் அவளைப் பெற்றவளின் பெயரை நீங்கள் ஒரு தடவைகூட எழுதவில்லை. என் மனசு நோகும் என்று எழுதவில்லை போலும். நோகத்தான் செய்யும். ஆனால் இந்தப் பிள்ளை பெரியவளாகி என்னிடம் கேட்கும்போது தெரியாது என்று சொல்ல என்னால் முடியாது. வெள்ளிக்கிழமை யாசீன் ஓதும்போதும் பெயர் வேண்டும். எழுதுங்கள்.

உங்கள் மேல் கோபம் தீரவில்லை. அது நேரில் தீர வேண்டியது. எடுத்து வைத்திருக்கிறேன்.

ராஹிலா


சைகோன்
27 ஆகஸ்ட் 1948
விமானத் தபால்

ராஹிலா,

அவள் பெயர் லான். இந்த நாட்டில் அது ஒரு பூவின் பெயர். நிக்காஹ் புத்தகத்தில் மர்யம் என்று இருக்கிறது, நான் லான் என்றுதான் கூப்பிட்டேன். விஷக் காய்ச்சல். பன்னிரண்டு நாள் கிடந்தாள். வெற்றிலை போடுவாள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து மடித்துக் காட்டுவாள். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அது எனக்கு ஞாபகம் வந்தது.

உன்னைப் பற்றி அவளிடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். கடைசி நாட்களில், தபால் ஓடினால் அந்த அக்காவுக்கு முதலில் எழுது என்றாள். நான் எழுதவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் ஊர் வந்து உன் முகத்தைப் பார்க்க முடியாது.

நேற்று வியாழக்கிழமை. மடத்துப் பக்கம் கால் தானாகப் போய்விட்டது. வாசல் வரை போய்த் திரும்பினேன்.

காரைக்காலிலிருந்து மாற்று ஆள் வந்துவிட்டார். கணக்கு ஒப்படைத்தாயிற்று. செப்டம்பர் 14-ம் தேதிக் கப்பலில் சீட்டுக் கிடைத்திருக்கிறது. கோபத்தை எடுத்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அப்படியே இருக்கட்டும். வருகிறேன்.

ஜக்கரிய்யா